மந்திரிக்குப் பக்கத்துல உக்காரப் போற மருமவனுக்கு

ஏலே மருமவனே, இங்கன வந்து உக்காரு. உங்க அத்தை சொல்லித்தான் தெரியும், நீ மெட்ராசுக்குப் போயி மந்திரிக்கு உதவியாளரா சேரப் போறியாமே. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை. அதுலயும் பழங்குடி ஃபைல் எல்லாம் உன் மேசைக்குத்தான் வருமாம். சந்தோசம்லே. வெத்திலைக் கொடிக்கால்ல குனிஞ்சு நிமிர முடியலைன்னு ஓடினவன், இப்பம் கோட்டையில குனிஞ்சு நிமிரப் போற. சம்பளமாவது கூட வரும்.

நான் படிச்சது அஞ்சாங் கிளாசு. ஆனா டீக்கடைப் பேப்பர்ல பி.ஏ., எம்.ஏ. எல்லாம் முடிச்சாச்சு. திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்தக் கட்சி மந்திரியானாலும் செந்திலாண்டவனைப் பாக்க இங்க வந்துதான் ஆகணும். பதவி வாறதுக்கு முன்ன ஒருக்கா வருவாவ, பதவி ஆடும்போது ஒருக்கா வருவாவ. நடுவுல வந்தா குருப்பெயர்ச்சின்னு அர்த்தம். இத்தனை பேரைப் பாத்ததுல எனக்கும் கொஞ்சம் ஞானம் உண்டு. ஓசியில தாறேன், வாங்கிக்க.

மொதல்ல உன் துறையில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு தெரிஞ்சுக்க. மலைக்காரன் கேக்குறது என்னென்ன? நெலத்துக்குப் பட்டா. அது வருவாய்த்துறை. சாதிச் சான்று. அதுவும் வருவாய்த்துறை. தேன் எடுக்கணும், கிழங்கு தோண்டணும், செத்தவனைப் புதைக்கணும்னாலும் வனத்துறையைப் பாக்கணும். ரோடு ஊரக வளர்ச்சித்துறை போடும், ஆனா அதுக்கு வனத்துறை தடையில்லைன்னு எழுதித் தரணும். வெளக்கு மின்வாரியம். ஊசி மருந்து சுகாதாரத்துறை. இதெல்லாம் போக உன் ஐயா கையில என்ன மிஞ்சும்? உண்டு உறைவிடப் பள்ளி, விடுதி, வீடு கட்டக் கொஞ்சம் துட்டு, ஆடு, மாடு, தையல் மிஷின். கல்யாண வீட்டுல மாப்பிள்ளைத் தோழனைப் பாத்திருக்கேல்லா? மாலை உண்டு, சந்தனம் உண்டு, போட்டோவுல மொத எடம். தாலி மட்டும் அவன் கையில கெடையாது. உன் ஐயா அந்தத் தோழன்தான்.

அதனால, அந்த மந்திரி என்னத்த செஞ்சாருன்னு ஒருத்தன் கேட்டா, எத்தனை ஆடு குடுத்தாருன்னு எண்ணிக்கிட்டு இருக்காத. தாலி கையில இருக்க மந்திரிமாருகிட்ட எத்தனை தடவை மல்லுக்கட்டினாருன்னு எண்ணு. அந்தத் துறைக்கு அதைத் தவிர வேற அளவுகோல் கெடையாது. சண்டை பிடிக்காத பழங்குடி மந்திரி, துறையே இல்லாத மந்திரிக்குச் சமம். வித்தியாசம், காருல கொடி பறக்கும்.

இந்த நாற்காலியில நம்ம சீமைக்காரவுகளும் இருந்திருக்காவ. சங்கரன்கோயில் ராஜலெட்சுமி அம்மா 2021 வரை இதே துறைக்கு அமைச்சர். அப்புறம் தாராபுரத்துல ஜெயிச்சு வந்த கயல்விழி செல்வராஜ். மூணு வருசம் கழிச்சு, 2024 செப்டம்பர்ல அவுகளை மனிதவள மேலாண்மைக்கு மாத்திட்டு, ராசிபுரம் மதிவேந்தனைக் கொண்டாந்தாவ. டாக்டருக்குப் படிச்சவரு. எனக்குச் சிரிப்பு வந்தது எங்கன்னா, அதுக்கு முந்தின நாள் வரை அவருகிட்ட இருந்தது வனத்துறை. நேத்து வரை சோதனைச் சாவடியில கேட்டைப் பூட்டுற துறை, இன்னைக்கு அதே கேட்டைத் தெறங்கன்னு கேக்குற துறை. ஒருத்தர் தன்கிட்ட தானே மனு குடுத்து, தானே வாங்கி, தானே பரிசீலிக்கிற பாக்கியம் இந்த நாட்டுல எத்தனை பேருக்குக் கெடைக்கும்? ஆனா நெசத்தைச் சொல்லுதேன், அது நல்ல ஏற்பாடு. எந்தச் சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு தெரிஞ்ச ஆளு. சாவியை எடுக்கச் சொல்லி மல்லுக்கட்டணும், அதுதான் விசயம்.

சரி, மெட்ராசை விடு. நம்ம மலைக்கு வா. சொரிமுத்து அய்யனார் நமக்குக் குலசாமி. ஆடி அமாவாசைக்குக் காரையாத்துல கொட்டகை போட்டுத் தங்குவோம்லா, அங்க தேன் கொண்டு வாற ஒரு காணிக்காரப் பெரியவரை எனக்குப் பழக்கம். பேரு வேண்டாம். பாட்டில்ல ஊத்தும்போது ஒரு சொட்டு கீழ சிந்தாது. விலையைக் குறைக்கச் சொன்னா, பேசாம மூடியைப் போட்டுத் திருகிருவாரு. எனக்குத் தெரிஞ்சு பேரம் பேசாம ஜெயிக்கிற ஒரே யாவாரி அவருதான். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழின்னு பாபநாசத்து மலையில அவுக குடியிருப்பு. மரச்சீனிக் கிழங்கு, வாழை, நல்ல மிளகு, தேன். ஊருக்குத் தலைவரு மூட்டுக்காணி. பேய்க்கும் நோய்க்கும் பிலாத்தி. அவுக கொக்கரையை உரசிச் சாத்துப்பாட்டு பாடுற ராத்திரியில நீ ஒருக்கா இருந்து பாக்கணும். இஞ்சிக்குழின்னா காரையாத்து அணைக்கு அங்கிட்டு. காட்டுக்குள்ள நடந்துதான் போகணும், இல்லேன்னா தண்ணியைக் கடக்கணும்.

பாபநாசத்துல தண்ணியிலேர்ந்து கரண்டு எடுத்தது 1944ல. வெள்ளைக்காரன் காலம். கரண்டு மலையை விட்டு எறங்கி மில்லு மில்லா ஓடிச்சு. அதே மலையில மேல இருக்க குடிசைக்கு ஏற மட்டும் அதுக்கு மூச்சு வாங்கிச்சு. தண்ணியும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி ஆத்தூர் வரை வந்து, என் கொடிக்காலை நனைச்சு, புன்னைக்காயல்ல கடல்ல விழுது. அந்தத் தண்ணி பொறக்குற எடத்துல இருக்கவனுக்குத்தான் நீ இப்பம் நலத்துறை. மலையடிவாரத்தைத் தாண்டினது உண்டா நீ? பாணதீர்த்தம் அருவி பாத்திருப்ப, ‘ரோஜா’ படத்துல.

இப்பம் ஒரு கதை சொல்லுதேன். கதை இல்லை, கெசட்டுல வந்தது. காணிக்காரர் பழங்குடிப் பட்டியல்ல உண்டு. ஆனா 1976ல திருத்தின பட்டியலை எடுத்துப் பாரு. கன்னியாகுமரி மாவட்டத்துலயும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டைத் தாலுகாவுலயும் இருந்தாத்தான் காணிக்காரன் பழங்குடி. பாபநாசம் எந்தத் தாலுகா? அம்பாசமுத்திரம். அப்பம் நம்ம தேன்காரப் பெரியவரு யாரு? ஒண்ணுமே இல்லை. ஏன்னு கேளு. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமை. அந்தச் சீமைப் பட்டியல்ல காணிக்காரர் இருந்தாவ. நெலம் இங்கிட்டு வந்தப்பம் பட்டியலும் கூடவே வந்திச்சு. நெல்லைச் சீமைக் காணிக்காரன் பழைய மெட்ராஸ் பட்டியல்ல இல்லை, அதனால விட்டுப் போச்சு. அண்ணன் செங்கோட்டையில இருந்தா பழங்குடி, தம்பி காரையாத்துல இருந்தா பழங்குடி இல்லை. யானைக்குக்கூட அந்த எல்லை தெரியாது. பார்லிமெண்டுல சட்டம் போட்டு அம்பாசமுத்திரம் தாலுகாவைச் சேத்தது 2003ல. அம்பத்தாறுக்கும் ரெண்டாயிரத்து மூணுக்கும் நடுவுல எத்தனை மந்திரிமாரு வந்து போயிருப்பாவ, எத்தனை பேரு சொரிமுத்தய்யனுக்குத் தேங்கா ஒடைச்சிருப்பாவ, நீயே கணக்குப் போடு. 2019 நவம்பர்ல செங்கோட்டை தென்காசி மாவட்டத்துக்குப் போயிருச்சு. பட்டியல்ல ‘திருநெல்வேலி மாவட்டம்’னு எழுதினதைத் திருத்த யாருக்கும் அவசரம் இல்லை. அதுக்கு இன்னும் ஒரு அம்பது வருசம் இருக்கே.

பட்டியல்ல பேரு வந்தா மட்டும் போதுமா? கையில காயிதம் வேணும். ஆதிதிராவிடருக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டாப் போதும். பழங்குடின்னா கோட்டாட்சியர் போடணும். தாசில்தார் விசாரிச்சு, அறிக்கை எழுதி, மேல அனுப்பி, அவுக சந்தேகப்பட்டு, நேர்ல வரச் சொல்லி. போலிச் சான்று வாங்குறவனும் ஊருல உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா திருடனுக்குப் போட்ட பூட்டுல வீட்டுக்காரன்தான் மாட்டிக்கிட்டு முழிக்கான். அந்தப் பெரியவரு பேரன் பன்னெண்டாம் கிளாசு முடிச்சவன். அவனுக்குச் சான்று கேட்டு மனு குடுத்த ரசீதைப் பெரியவரு பாலித்தீன் கவர்ல போட்டு, மேல ரப்பர் பேண்ட் சுத்தி, தேன் வடிகட்டுற துணிக்கு அடியில வச்சிருக்காரு. கவரு மேல பிசுக்குன்னு தேன். எறும்புகூட அந்த மனுவைத் தேடி வந்திருச்சு, ஆபீசுல இருந்து ஆளு வரலைன்னாரு. அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கலை.

இதுல வேடிக்கை பேச முடியாத ஒண்ணு இருக்கு, அதையும் தெரிஞ்சுக்க. 2022 அக்டோபர்ல மலைக்குறவர் சமூகத்து மனுசன் ஒருத்தரு, பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று கெடைக்கலைன்னு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துலயே தீக்குளிச்சாரு. பொழைக்கலை. உன் மேசைக்கு வாற ஃபைல் அப்படிப்பட்ட ஃபைல். டீ கிளாசை அதுமேல வைக்காத.

அடுத்தது காடு. 2006ல டெல்லியில வன உரிமைச் சட்டம் போட்டாவ. 2005 டிசம்பர் 13க்கு முன்னாலயே காட்டு நெலத்துல பாடுபட்டுக்கிட்டு இருந்த பழங்குடிக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. தேனு, கிழங்கு, நெல்லிக்காய் எடுக்குற உரிமை. கேக்குற மனு மொதல்ல கிராமசபைக்கு வரணும், அப்புறம் கோட்டம், அப்புறம் கலெக்டர் தலைமையில மாவட்டக் குழு. அந்தக் குழுவுல வன அதிகாரியும் உண்டு, உன் துறை அதிகாரியும் உண்டு. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நல்ல சட்டம். மத்த ராஜ்யத்துல பட்டா குடுக்க ஆரம்பிச்சாவ. இங்க 2008ல உயர் நீதிமன்றத்துல ஒரு இடைக்கால உத்தரவு: மனுவைப் பரிசீலிக்கலாம், பட்டா மட்டும் கோர்ட்டைக் கேக்காமக் குடுக்கக்கூடாது. சரி, கோர்ட்டு சொன்னாக் கேட்டுத்தான் ஆகணும். ஆனா அந்த உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டுல நீக்கினது எப்பம் தெரியுமா? 2016ல. எட்டு வருசம்லே. பெரிய புள்ளி ஒருத்தன் கட்டடத்துக்குத் தடைன்னா எட்டு நாள்ல வக்கீல் பறந்து வருவான். இதுக்கு எட்டு வருசம் யாருக்கும் தூக்கம் கெடலை. தி.மு.க. இருந்திச்சு, அ.தி.மு.க. இருந்திச்சு. இந்த ஒரு விசயத்துல ரெண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை.

நம்ம மலையில இன்னொரு சங்கதியும் உண்டு. முண்டந்துறை 1962லேயே புலிகள் சரணாலயம். களக்காட்டையும் சேத்து 1988ல புலிகள் காப்பகம் ஆக்கினாவ, தமிழ்நாட்டுலயே மொதல் காப்பகம். புலி வேணும்லே, நான் புலிக்கு விரோதி இல்லை. காடு இருந்தாத்தான் ஆத்துல தண்ணி. ஆனா புலியும் காணிக்காரனும் அந்த மலையில எத்தனை தலைமுறையா ஒண்ணா இருந்தாவ, அப்பம்லாம் ரெண்டு பேருக்கும் அடையாள அட்டை இல்லை. இப்பம் புலிக்குக் கேமரா வச்சு எண்ணிக் கணக்கு வச்சிருக்கோம். மனுசனுக்கு மனு எண்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துல, ஒரு விசயம் நடந்திச்சு. 1987ல அகஸ்தியர் மலைக்கு ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிமாருக்கு மூச்சு முட்டுது, வழிகாட்டப் போன காணிக்காரன் மட்டும் ஏதோ காயை மென்னுக்கிட்டு அலுப்பில்லாம ஏறுதான். என்னதுலேன்னு கேட்டா மொதல்ல சொல்லலை, அப்புறந்தான் காட்டினாவ. ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதுல இருந்து ‘ஜீவனி’ன்னு மருந்து செஞ்சு, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒண்ணுக்கு 10 லட்சத்துக்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் குடுத்தாவ. வந்ததுல பாதி காணிக்காரருக்குன்னு ஒத்துக்கிட்டு, 1997ல அவுகளுக்குன்னு ஒரு அறக்கட்டளையும் வச்சாவ. சொல்லிக்குடுத்தவனுக்குப் பங்கு குடுத்தது உலகம் பூரா பேசப்பட்டுது. அப்பம் யாரு குறுக்க வந்தா? வனத்துறை. காட்டுல இருந்து அந்தச் செடியைப் பறிக்கக் கூடாதுன்னு நின்னுட்டாவ. மருந்து கண்டவன் வீட்டுச் செடி, தொட்டா வழக்கு. இங்கதான் ஒரு மந்திரி மேசையைத் தட்டணும். தட்டினாருன்னு நான் எங்கயும் வாசிக்கலை.

உன் ஐயா மலைக்குப் போவாரு, நலத்திட்ட விழான்னு. அதுக்கும் யோசனை சொல்லுதேன், எழுதிக்க. மொத யோசனை, வார் வச்ச செருப்பு வேண்டாம். சுலுவாக் கழத்துற ரப்பர் செருப்பா வாங்கிக் குடு. 2020 பிப்ரவரி 6ந் தேதி முதுமலைத் தெப்பக்காட்டுல யானை முகாமுக்குப் போன வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், ஒரு பழங்குடிப் பையனைக் கூப்பிட்டுத் தன் செருப்பைக் கழத்தச் சொன்னாரு. நாடே டி.வி.யில பாத்திச்சு. போலீசுல புகாரும் ஆச்சு. பேரன் மாதிரி நெனச்சுச் சொன்னேன்னு வருத்தம் தெரிவிச்சாரு. பேரப்பிள்ளை பாசம் நல்லதுதான். அந்தப் பாசம் செருப்புல ஆரம்பிக்காம, பட்டாவுல ஆரம்பிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இன்னொரு யோசனை, மேடையில தலைப்பாகையும் மயிலிறகும் வச்சு ஆடச் சொல்லாத. அவுக தெய்வத்துக்கு ஆடுறவுக, மந்திரிக்கு இல்லை.

திட்டம் நெறைய உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2024 பட்ஜெட்டுல ‘தொல்குடி’ன்னு ஒண்ணு, நாலு வருசத்துக்கு 1,000 கோடி ரூவாய்னு சொன்னாவ. டெல்லியில 2023 நவம்பர்ல பிரதமர் ஜன்மன்னு ஒண்ணு, 24,104 கோடி, நாடு பூரா 75 சமூகத்துக்கு. அந்த 75ல தமிழ்நாட்டுல இருக்கது ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். காணிக்காரர் அதுல இல்லை. காணிக்காரருக்கும் பட்டியலுக்கும் எப்பவும் ஒரு தாலுகா தூரம்.

அந்த நாற்காலியில யார் உக்காரணும்னு ஒரு சண்டை உண்டு. 2025 பிப்ரவரியில சினிமா நடிகர், ஒன்றிய இணை அமைச்சர் சுரேஷ் கோபி டெல்லியில பேசுனாரு. பழங்குடித் துறைக்கு எப்பவும் பழங்குடியே மந்திரியா வாறது சாபக்கேடு, உயர்சாதிக்காரர் யாராவது பாத்தா நல்லா முன்னேறும்னாரு. தனக்கே அந்தத் துறையைக் கேட்டிருந்தேன்னும் சொன்னாரு. எதுப்பு வந்ததும் அன்னைக்கே வாபஸ். படத்துல வசனம் எழுதிக் குடுக்க ஆளு இருந்தாவ, நெசத்துல இல்லை பாரு. டெல்லியில அந்தத் துறை 1999ல உண்டானது. மொத மந்திரி ஒடிசாக்காரர் ஜுவல் ஓரம், அவரே பழங்குடி. 2024ல மூணாவது தடவையா அதே நாற்காலிக்கு வந்தாரு. கேரளத்துல வயநாட்டுக் குறிச்சியர் சமூகத்து ஓ.ஆர். கேளு 2024ல அமைச்சரானாரு. அந்தச் சமூகத்துக்காரன் உக்காருறது நியாயம். ஆனா மருமவனே, ஆளு மாறினா மட்டும் சாவி கைக்கு வந்துராது. இது உள்ளூர்க் கோளாறுன்னும் நெனைக்காத.

நம்ம காயாமொழிச் சொக்காரன் மவன் டொராண்டோவுல இருக்கான்லா, அவன் போனுல சொன்னான். கனடாவுல 2017ல பூர்வகுடி சேவைன்னே தனி அமைச்சகம் வச்சாவ. ஊரே ஏரியும் பனியுமாக் கெடக்குற நாடு. ஆனா பூர்வகுடி கிராமத்துக்குக் குழாத்தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடின்னு எச்சரிக்கை. 2021 மார்ச்சுக்குள்ள அம்புட்டையும் நீக்கிருவோம்னு 2015ல ட்ரூடோ வாக்குக் குடுத்தாரு. நெறைய எடத்துல நீக்கினாவ, முழுசா முடியலை. அப்பம் அமைச்சரா இருந்த மார்க் மில்லர், கெடு தவறிப் போச்சு, பொறுப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிட்டாரு. நெஸ்கண்டாகான்னு ஒரு ஊருல 1995ல கொதிக்க வைக்க ஆரம்பிச்சவுக, முப்பது வருசம் கழிச்சும் கொதிக்க வச்சுக்கிட்டே இருந்தாவ. 2025 மே மாசந்தான் மேண்டி கல்-மாஸ்டிங்கிற க்ரீ இனத்து அம்மாவை அந்தத் துறைக்கு அமைச்சராக்கினாவ, பூர்வகுடியில இருந்து வந்த மொத ஆளு. அவுக கைக்கும் பூட்டுதான் மொதல்ல வந்திருக்கும். ஆனா ஒண்ணு பாத்துக்க, பொறுப்பு என்னுதுன்னு ஒரு மந்திரி வாயைத் தொறந்து சொன்னது அங்க. இங்க ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’

மல்லுக்கட்டுன மந்திரியே இல்லையான்னு கேப்ப. இருந்தாரு. ஆந்திராவுல குருபம் ஜமீன் குடும்பத்துக்காரர், கிஷோர் சந்திர தேவ். 2011லேர்ந்து 2014 வரை டெல்லியில பழங்குடித் துறை. பழங்குடியில பொறந்தவரு. ஒடிசாவுல நியாம்கிரின்னு ஒரு மலை, டோங்கிரியா கோந்து மக்களுக்கு அதுதான் சாமி. அதைத் தோண்டி அலுமினியத்துக்கு மண்ணெடுக்க வேதாந்தா கம்பெனி நின்னுச்சு. ஆமா, நம்ம தூத்துக்குடி ஸ்டெர்லைட் முதலாளியேதான், உனக்குச் சொல்லவா வேணும். 2013 ஏப்ரல் 18ல சுப்ரீம் கோர்ட்டு, கிராமசபையைக் கேளுங்கன்னு சொல்லிச்சு. எத்தனை ஊருல கேக்கணும்ங்கிறதுலயே ஒடிசா சர்க்காரு குறுக்குச்சால் ஓட்டிச்சு, 12 ஊருல மட்டும் கூட்டம் வச்சாவ. நூத்துக்கணக்குல ஊரு இருக்கு, 12 மட்டும் ஏன்னு தேவ் மல்லுக்கட்டினாரு. அவரு கட்சி ஆட்சியில இருந்த ஆந்திராவுலயே, விசாகப்பட்டினத்து மலையில பாக்சைட் குத்தகையை ரத்துப் பண்ணுங்கன்னு கவர்னருக்கு எழுதினாரு. சொந்தக் கட்சி மொதலமைச்சருக்குப் பிடிக்குமா? பிடிக்கலை. நியாம்கிரியில கூட்டம் போட்ட 12 ஊரும் மாட்டேன்னு சொல்லிருச்சு, ஜில்லா ஜட்ஜு பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கவே. மலை நின்னுது. 2014 தேர்தல்ல தேவ் அரக்குத் தொகுதியில தோத்துப் போனாரு.

அதுதான் உன் ஐயாவுக்கு ராத்திரி தூக்கம் வராத எடம். சண்டை பிடிச்சா ஓட்டு வருமா? கணக்கைப் பாரு. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பழங்குடி 7,94,697 பேரு. நூத்துக்கு ஒண்ணு. சட்டசபையில 234 எடத்துல அவுகளுக்கு ஒதுக்கினது ரெண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். நாடாளுமன்றத்துக்கு ஒண்ணுகூட இல்லை. ஐந்தாவது அட்டவணைன்னு அரசமைப்புச் சட்டத்துல பழங்குடிப் பகுதிக்குத் தனிக் காப்பு இருக்கு, அதுல தமிழ்நாட்டுல ஒரு கிராமங்கூடக் கெடையாது. நம்ம காணிக்காரர் ஓட்டு எல்லாத்தையும் சேத்தாலும் ஒரு வார்டு கவுன்சிலருக்குத்தான் ஆகும். தேர்தலப்பம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அதிகாரிமாரு மலையேறுறதைப் பேப்பர்ல படம் போடுதாவ, ஜனநாயகம் வாழுதுன்னு. வாழட்டும். தேர்தல் இல்லாத நாள்லயும் அதே அதிகாரிமாரு அதே பாதையில ஒரு மனு ஃபாரத்தைத் தூக்கிக்கிட்டு ஏறினா என்ன, கால் வலிக்கவா செய்யும்?

ஓட்டுக்காக எவனும் மல்லுக்கட்ட மாட்டான். வேற காரணம் வேணும். அந்தக் காரணம் மந்திரிக்கு இருக்கான்னு பக்கத்துல உக்காந்திருக்க உனக்குத்தான் மொதல்ல தெரியும். இல்லைன்னா ஏத்தி விடு. ரொம்பச் சுலுவான வழி சொல்லுதேன். மொத மாசமே, மலை ஜில்லாவுல கோட்டாட்சியர் ஆபீசுல எல்லாம் பழங்குடிச் சான்று மனு எத்தனை தங்கி நிக்கி, எத்தனை மாசமா நிக்கின்னு ஒரு பட்டியல் கேளு. வன உரிமைச் சட்டத்துல வந்த மனு எத்தனை, தள்ளினது எத்தனை, தள்ளினதுக்குக் காரணம் எழுதிக் குடுத்தாவளான்னு இன்னொரு பட்டியல். ரெண்டையும் மந்திரி மேசையில பொன்னாடைக்கு மேல வை. அடியில வச்சா நனைஞ்சு போயிரும், பன்னீர் நெறைய தெளிக்காவ. வருவாய்த்துறை மந்திரியும் வனத்துறை மந்திரியும் கூட இருக்க கூட்டத்துல, சட்டசபை மானியக் கோரிக்கைக்கு முந்தி, அந்தப் பட்டியலை அவரு வாசிச்சாருன்னா, நான் பாளை பஸ் ஸ்டாண்டுல சொந்தக் காசுல பேனர் வைக்கேன். என் வெத்திலைக் காசு. போட்டோவுல அவரு மட்டும்தான், பக்கத்துல நானு கெடையாது.

சரி, நேரமாச்சு, வண்டிக்குக் கெளம்பு. பெரியவரு குடுத்த மனு ரசீது நகல் ஒண்ணு பையில வச்சிருக்கேன், எடுத்துக்க. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நோட்டுல எழுதிக் கொண்டா: உன் ஐயா எந்தெந்தத் துறைக்கு, எந்தத் தேதியில கடுதாசி எழுதினாரு, எதுக்குப் பதில் வந்திச்சு, எதுக்கு வரலை. எத்தனை ஆடு குடுத்தாருன்னு எழுத வேண்டாம். அது எப்படியும் பேப்பர்ல வரும்.